எழுபத்து மூன்று சீட்டு

ஆட்சி கவிழ்ந்தது செவ்வாய்க்கிழமை.
எங்களுக்குப் புதன்தான் முக்கியம்.
பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற நாள்.

பஸ் ஓடவில்லை. வர முடியாதவர்களின்
ஓ.பி. சீட்டுகள் எழுபத்து மூன்றையும்
ரப்பர் பேண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போய்
பைநிறைய வாங்கித் திரும்பும்போது
யானைக்கல் பாலத்தில் தடுப்புக் கட்டை.
என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காவலர்
"மனநலம்னா, கிறுக்குப் பிடிச்சவங்களுக்கா?" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி:
"ரெண்டு நாளாத் தூக்கமே இல்லக்கா.
இதுல ஒண்ணு கிடைக்குமா?"

இல்லை தம்பி, எல்லாம் எண்ணி வாங்கியது.
தடுப்புக் கட்டையின் மேல் வைத்து
என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

செல்லூரில் பாண்டீஸ்வரனுக்கு
பத்து வருடமாகக் குரல்கள் கேட்கின்றன.
பத்து வருடமாக நான் சொல்வது ஒன்றுதான்:
உனக்குக் கேட்பது எனக்குக் கேட்கவில்லை,
உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன்.
இன்று கதவை ஒரு சாண் திறந்து கேட்டான்:
"வரப்போறாங்க, கொளுத்தப்போறாங்கன்னு சொல்லுது.
உங்களுக்குக் கேக்குதா?"

கேட்டது.
தெருமுனையில் ஆட்டோவில் கட்டிய குழாய்
ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டு போனது.
பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை.

வாசற்படியில் உட்கார்ந்து இருவரும் பிரித்தோம்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
இது ஆட்டோ. இது எதிர்வீட்டு டிவி.
இது யாரோ பார்க்கிற வாட்ஸ்அப்,
போன வருசத்து வீடியோ, ஊர்கூட வேற.
மிச்சம் இருப்பது உன்னுடையது.
அவன் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான்.
"என்னோடது இன்னைக்கு
மத்ததைவிட மரியாதையாத்தான் பேசுதுக்கா."

மாத்திரையை என் எதிரிலேயே போட்டுக்கொண்டான்.

மதியம் கரைவேட்டிக்காரர் இருவர் வந்தார்கள்.
பழைய தலைவருக்கு மூளை குழம்பிவிட்டதென்று
எங்கள் லெட்டர் பேடில் ஒருவரி வேண்டுமாம்.
சாயங்காலம் வேறு கரை, வேறு இருவர்.
தெருவில் இறங்கியவர்கள் எல்லாம்
மனநோயாளிகள் என்று ஒருவரி.

நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன்,
பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.
எழுபத்து மூன்று பேர்.
ஒருவரும் பஸ்ஸைக் கொளுத்தவில்லை.
நான்கு பேர் பயத்தில் கட்டிலுக்கடியில் இருக்கிறார்கள்.
ஒரு பெண், மேலூர்க்காரி, கலவரம் என்று தெரியாமல்
மஞ்சள்பையோடு நடந்தே வந்து
ஊசி எப்போது என்று கேட்டுவிட்டுப் போனாள்.
கோபத்துக்கும் பேராசைக்கும் வேறு பெயர் இருக்கிறது.
எங்கள் ஆட்களின் பெயரை விட்டுவிடுங்கள்.

"நீ எந்தப் பக்கம்?" என்றார்கள் இரண்டு தடவையும்.
ஓட்டு நானும் போட்டவள்தான்.
செவ்வாய் ராத்திரி அழுதவள்தான்.
எதற்கென்று பாண்டீஸ்வரனிடம்கூடச் சொல்லவில்லை.

இருட்டியதும் லூர்து ஜெசிந்தா பசை வாளியோடு வந்தாள்.
அவள் தம்பி எங்கள் பதிவேட்டில் பதினெட்டாவது ஆள்.
சிம்மக்கல் சுவரில் ஆளுயர எழுத்தில்
"இந்தப் பைத்தியக்கார ஆட்சி ஒழிந்தது."
நடுவார்த்தை மேல் மட்டும்
எங்கள் நோட்டீஸை ஒட்டினோம். இப்போது வாசித்தால்:
இந்த
பகல் இல்லம் திறந்திருக்கும், டீ உண்டு
ஆட்சி ஒழிந்தது.
ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
விசில் சத்தம் கேட்கவும்
வாளியைப் போட்டுவிட்டு ஓடினோம்.
நாற்பத்தாறு வயதில், இந்த முழங்காலோடு.

இரண்டு மணிக்குப் போன்.
பெயரில்லாத நம்பர். எடுத்தேன். பேச்சு இல்லை.
இரும்பில் தடி மெல்லத் தட்டும் சத்தம்,
அதன் பின்னால் தண்ணீரில்லாத வைகையின் நாய்கள்.
"லைன்ல இருக்கேன் தம்பி."
அதற்கும் பதில் இல்லை.
பிறகு:
"அந்தக் கரையில கல்லெடுத்தவன்
ஏழாப்பு வரைக்கும்
என் பெஞ்சுதான்க்கா."

சார்ஜ் பதினொன்று என்று காட்டியது.
ஒயர் எங்கே வைத்தேன் என்று
இருட்டில் தேட ஆரம்பித்தேன்,
போனைக் காதிலிருந்து எடுக்காமல்.