நேர்கோட்டுத் தேடல்

மூன்றாம் கிழமைப் பாடம்: தேடல்.
இரவு ஒன்பதரை, மகன் போனைத் திருப்பித் தரும் நேரம்.
கண்டாவளையில் எங்கள் வீட்டுக்குச் சிக்னல் வருவது
குசினி யன்னலுக்கு மட்டும்.
உப்புப் போத்தலில் போனைச் சாத்திவிட்டு
பிளாஸ்ரிக் கதிரையில் காலை நீட்டுகிறேன்.
பகல் முழுக்க மண்டியிட்ட கால்.
நாற்பத்துமூன்று வயது அதற்கும்.

திரையில் வாத்தியார் பத்துப் பெட்டி கீறுகிறார்.
சென்னைக்காரராய் இருக்கலாம், "பாருங்க" என்னும்போதெல்லாம்
எனக்குச் சிரிப்பு வரும்.
முதற்பெட்டியின் இலக்கம் பூச்சியம்.
அதை விழுங்கவே இரண்டு இரவு போனது.
எங்கள் சைற்றில் முதற்தடி ஒன்றுதான்.
பூச்சியம் என்றால் ஒன்றும் அகப்படாத நாள்.

ஒவ்வொன்றாய்த் திறந்து ஏழைத் தேடுகிறார்.
"இது ரொம்ப மெதுவான முறை.
வரிசையா அடுக்கியிருந்தா நடுவுல திறங்க.
அங்க இருக்கிறது ஏழைவிடப் பெருசா?
அப்போ வலது பாதி வேண்டாம்.
ஆயிரம் பெட்டின்னாலும் பத்தே தடவைதான்."
பாதியை எறிந்துவிட்டார்,
கை நடுங்காமல்.

வீடியோவை நிறுத்தினேன்.

எங்கள் லேன் ஒரு மீற்றர் அகலம்.
சிவப்புத் தலைத் தடிகளுக்கு இந்தப் பக்கம் நான்,
கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் கலிஸ்ரா.
கருவி கத்தும்.
வாரியால் விரற்கடை விரற்கடையாய் மண்ணை இழுப்பேன்.
ரவைக் கோது.
மீன்ரின் மூடி.
பள்ளிச் சப்பாத்தின் வளையம்.
திரும்பவும் கத்தும்.
நேற்று ஒன்பது மணியிலிருந்து ஒன்பதே முக்கால்வரை
நான் தோண்டியெடுத்தது ஒரு தையலூசி.
பெரிது வலப்பக்கம் சிறிது இடப்பக்கம் என்று
யார் அடுக்கினார்கள் இந்த மண்ணை?
நடுவில் திறக்கலாம், வாத்தியார்.
நடுவுக்குப் போகவேண்டுமே.

இன்னும் கொஞ்ச நிலம்தான் மிச்சம்.
அது முடிந்தால் எங்கள் வேலையும் முடியும்;
முடியவேண்டும் என்றுதான் நாங்களும் வாருகிறோம்.
கலிஸ்ரா கார்மன்ற்சுக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.
நான் இதற்கு.
"இந்த வயதில் கொம்பியூட்டரோ?" என்றார் தயாபரன் அண்ணை,
கேலியாய் இல்லை,
தானும் கேட்டுப் பார்க்கலாமா என்ற மாதிரி.

பயிற்சிக்கு வந்தேன்.
பத்துப் பெட்டி, கடைசி இலக்கம் ஒன்பது,
ஆகவே லூப்பை ஒன்பதில் முடித்தேன்.
நாலைத் தேடினேன், கிடைத்தது.
பதினெட்டைத் தேடினேன்.
"இல்லை" என்றது.
கடைசிப் பெட்டியில் இருக்கிறது பதினெட்டு,
நானே போட்டது.
சிவப்பு எழுத்தில் ஒரு பிழை காட்டவில்லை,
நிற்கவில்லை, முனகவில்லை.
கடைசிப் பெட்டிக்குள் எட்டியும் பாராமல்
பச்சைப்பிள்ளை போல இல்லை என்றது.

எனக்குக் கழுத்துப் பின்புறம் வியர்த்தது.
எங்களிடம் அந்தச் சொல்லுக்குக் கையெழுத்து வேண்டும்.
நான் போடுவேன், தயாபரன் அண்ணை போடுவார்,
பிறகு வேறொரு அணி வந்து
நாங்கள் பார்த்ததைத் திரும்பப் பார்க்கும்.
அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தடி.
அதற்கும் பிறகுதான் ஒருவர் மாட்டை அவிழ்த்துவிடுவார்.
இங்கே அதற்கு ஒரு புள்ளி குறையும்.

ஒன்பதைப் பத்தாக்கினேன்.
ஓடவிட்டேன். கிடைத்தது.
போதும்தான், ஆனாலும்
ஒவ்வொரு பெட்டியிலும் பதினெட்டை மாற்றி மாற்றி வைத்து
பத்துத் தடவை ஓடவிட்டேன்.
யன்னல் கம்பியில் பல்லி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது.
பிறகு வெறும் பட்டியலையும் கொடுத்தேன்.
இல்லை என்றது.
அதை நம்பினேன்.

கேள்வி ஐந்து: நேர்கோட்டுத் தேடல் எப்போது பொருந்தும்?
நாலு விடையில் மூன்றாவது,
"தரவு வரிசைப்படுத்தப்படாதபோது."
தொட்டேன். பச்சையானது.
விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அடுக்கல்.
மிச்ச டேட்டா இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி.
நாலே முக்காலுக்கு வாகனம்.
முழங்கால் கவசத்தின் இடது வார் அறுந்து கிடக்கிறது,
படுக்கமுன்
அதைத் தைக்கவேண்டும்.