முதுகின் அளவு

பலகையில் வோந்த்ராக் என்று என் கணவர் பெயர்.
ஊசி என்னுடையது.
வியன்னாவின் குதிரைப்படையில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

சிகிஸ்முண்டை அவன் தாய் கூட்டி வந்தபோது வயது பதினேழு.
"வளர்வான், தோளில் துணி விடு" என்றாள் சீமாட்டி.
ரெஜிமென்ட்டில் இடம் வாங்கியாயிற்று, குதிரை வாங்கியாயிற்று,
மீசைக்குத்தான் காத்திருந்தார்கள்.

எல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.
கேப்டன் ஆனதும் காலரில் அரை அங்குலம்.
இத்தாலியில் தோற்று வந்த வருடம் இடுப்பு குறைந்தது.
கர்னல் ஆனபோது 'அவன்' என்று நினைப்பதை நிறுத்தினேன்.

கவசப் படைக்கு நெஞ்சுக்கு மட்டும்தான் இரும்பு.
முதுகுக்கு அரசர் கொடுத்தது
வெள்ளைக் கம்பளித் துணி.

வாக்ராம் போரின்போது ஊர் பிரெஞ்சுக்காரர் கையில்.
அவர்களுடைய காற்சட்டைகளைத் தைத்துக்கொண்டே
ஆற்றுக்கு அப்பால் பீரங்கி கேட்டோம்.
அவர்கள் போன பிறகு, முதல் பனியில், ஒரு பொட்டலம் வந்தது:
கோமகனின் கோட்டு.
இடது தோள்பட்டைக்குக் கீழே, பின்புறம்,
சுண்டுவிரல் நுழையும் துளை.
உள்துணியில் கருகிய கோதுமை உமி.
கைகள் உள்பக்கமாக இரண்டு விரற்கடை மடிந்திருந்தன.
ஜூலை வெயில், என்று நினைத்தேன்.
"தைத்த இடம் தெரியக் கூடாதாம்" என்றான் வேலையாள்.

மூன்று இரவு. விளிம்பிலிருந்தே நூல் உருவி,
நானே தேடினாலும் அகப்படாதபடி.
கூலி மும்மடங்காக வந்தது.

அதன்பின் லைப்ஸிக், ஜெனரல் பதவி, ஜரிகை,
சமாதானம், நடன விருந்துகள், தொப்பை.
எத்தனை முறை அளவெடுத்தேன்!
சுவரோடு ஒட்டி நிற்பார். திரும்ப மாட்டார்.
முன்னால் நின்றே, கட்டிக்கொள்வதுபோல் கைநீட்டி
நாடாவைப் பின்னால் கொண்டுபோவேன்.
அவர் கூரையைப் பார்த்திருப்பார்.
புறப்புண் பட்டவர், பாவம், என்று
மனதுக்குள் முடித்து வைத்திருந்தேன்.
முப்பது வருடம் அந்த இரக்கம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இறந்த அன்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
விறைத்த உடம்புக்குச் சீருடை போட ஒரே வழிதான்:
முதுகில் நெடுகக் கீறி, இரு பக்கமாகப் போர்த்த வேண்டும்.
வேலையாட்கள் ஒருக்களித்துப் பிடித்தார்கள்.

விளக்கைக் கிட்டே கேட்டேன்.
கண்ணை நம்பாமல் விரலால் தடவினேன்.
வெண்ணெய் போன்ற முதுகு.
ஒரு கொப்புளத் தழும்புகூட இல்லை.

மடிந்திருந்த கைகள் ஞாபகம் வந்தன.
குள்ளமான ஒருவன்.
எக்காளம் ஊதியவனோ, குதிரை தேய்த்தவனோ.
கேட்டு வாங்கினானா, கழற்றி மாட்டிவிட்டார்களா,
எரிகிற வயலில் எந்தப் பக்கம் பார்த்து ஓடினான்,
புத்தகத்தில் அவன் அளவு இல்லை.

வாசலில் முரசு தயாராக இருந்தது.
பதக்கங்கள் வெல்வெட் மெத்தையில்.
கீறிய இடத்தை ஓட்டுத் தையலால் மூடிவிடுவது வழக்கம்.
ஊசியில் நூல் கோத்தேன்.
பிறகு உருவி, விரலில் சுற்றி,
பைக்குள் வைத்துக்கொண்டேன்.