நெட் இல்லாத வைஃபை

தண்ணி இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரைக் கிண்டல் செய்வார்கள்.
அந்தப் பட்டியலில் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன்:
நெட் இல்லாத வைஃபை.

சைதாப்பேட்டை லாட்ஜில் எனக்கு இரவு வேலை.
ஆஸ்பத்திரி நடக்கும் தூரம் என்று
போர்டில் மூன்று மொழியில் இருக்கும்.
மால்டா, தும்கா, அகர்தலாவிலிருந்து
பத்து நாள் என்று வருகிறவர்கள்
மூன்று மாதம் இருப்பார்கள்.
ஸ்டவ், குக்கர் வாடகைக்கு உண்டு.
டேட்டா தீர்ந்துபோனால்
இரண்டு மணிக்கும் வராண்டாவில் நடப்பார்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி மூடியபோது
கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டார்கள்.
ஒன்றை ஆட்டோவில் தூக்கிவந்தான் தஸ்தகீர்.
திறந்தால் உள்ளே தூசி, லேசாகத் தோல் நாற்றம்.
மெமரியைத் துடைத்துச் செருகி, லினக்ஸ் ஏற்றி,
"சர்வர்னு சொல்லாதே,
ரிட்டையர் ஆன குமாஸ்தா இது" என்றான்.

காட்பாடியில் அவன் தங்கை வீட்டில் ஃபைபர்.
நாலு ராத்திரி இறக்கினோம்:
வங்காளத்தில் ஒரு கலைக்களஞ்சியம்,
இந்தியில் ஒன்று, தமிழில் ஒன்று,
பத்தாம் வகுப்பு வரை கணக்குப் பாடம்,
சைக்கிள் முதல் மிக்ஸி வரை ரிப்பேர்.
ஹார்ட் டிஸ்க்கை டிபன் டப்பாவில் வைத்து
டவல் சுற்றிப் பஸ் ஏறினேன்.
பாலாற்றுப் பாலத்தில் பக்கத்து சீட்டுக்காரர்
"இன்னா கொழம்பு?" என்றார்.
"எல்லாம் இருக்கு" என்றேன்.

ஓனரம்மா வசந்தகோகிலம் ஒன்றே ஒன்று சொன்னார்:
"வியாதி சமாச்சாரம் வேணாம்.
படிச்சுப் பயந்து காலி பண்ணிடுவாங்க."
தலையாட்டினேன்.
அதையும்தான் ஏற்றியிருந்தேன்.

மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டர் பக்கத்தில் இடம்.
மே மாதம். சுவரைத் தொட்டால் சுடும்.
என் டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டு
பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டேன்.
மூன்றாம் நாள் எறும்பு.
முதல் வாரம் யூடியூப் வரவில்லை என்று திட்டு.
பதினாலாம் ரூம் பையன் தீபங்கர்
வங்காளத்தில் ஒரு அட்டை எழுதி ஒட்டினான்.
என்ன எழுதினாய் என்று கேட்டேன்.
"இன்டர்நெட் இல்லை. மற்றதெல்லாம் உண்டு."

ரூமுக்கு ஒரு பாஸ்வேர்டு.
யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று
மெஷின் தானாக எழுதிவைக்கும்.
ஒரு ராத்திரி தூக்கம் கலைக்க அதைப் பார்த்தேன்.
சிறுநீரகம் இருக்கும், ரத்தம் இருக்கும்,
எத்தனை வருடம் பிழைக்கலாம் என்பது இருக்கும்.
இருந்தது, ஒன்றிரண்டு இடத்தில்.

ஆனால் ஒன்பதாம் ரூமில் தார்ச்சாலை போடும் முறை.
பதினொன்றில் சனிக் கிரகத்தின் வளையம்,
பிறகு கடுகு சாகுபடி,
பிறகு மறுபடியும் சனி.
ஆறில், மூன்று மணிக்கு மேல்,
நீலத் திமிங்கலம்.
நாற்பது நிமிடம் ஒரே பக்கம்.

காலையில் ஆறாம் ரூம்காரர்
சாவி கொடுக்க வந்தார். அக்குளில் ஸ்கேன் கவர்.
என் நாக்கு நுனியில் திமிங்கலம்.
அதன் இதயம் எத்தனை கிலோ என்று
கேட்டிருப்பேன், ஒரு நொடி தப்பியது.
"மினரல் கேன் வரும்" என்று மட்டும் சொன்னேன்.
அவர் போன பிறகும்
அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவன் மாதிரி
கை கூசியது.

பட்டியலை நிறுத்தச் சொன்னேன்.
"கோளாறு வந்தா எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்றான் தஸ்தகீர்.
"கண்டுபிடிக்காமலே போகட்டும்."
முறைத்தான். இரண்டு வரி தட்டினான். நின்றது.

இப்போது கரண்ட் போனால்
இன்வெர்ட்டர் ஒருமுறை கனைக்கும்.
படிக்குக் கீழே பச்சை விளக்கு
விட்டுவிட்டுத் துடிக்கும்.
யாரோ எதையோ திறக்கிறார்கள்.
எந்த ரூம், எந்தப் பக்கம்,
எனக்குத் தெரியாது.

ஆறில் வேறு ஆள் வந்திருக்கிறார்.
கொசுவத்தி கேட்டார்.
கொடுத்தேன்.