பென்சில் வட்டம்

அடுப்பு வந்துவிட்டது.
கூடத்தின் நடுவே, அட்டைப் பெட்டிக்குள்,
ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறது.

கொட்டகையில் ஒரு டன் பெல்லட்,
நாற்பது பவுண்டு மூட்டைகள் ஐம்பது.
மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள்.
தீவனமென்று ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு
எங்கள் கோழி என்னை முறைத்தது.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி:
புகை எந்த வழியாய் வெளியே போவது?
மூன்று அங்குலக் குழாய்தான்.
அதற்குப் போய் நான்கு நாள் சண்டை.

அளவு நாடாவின் ஒரு முனையில் லூசியன்,
மறுமுனையில் நான்.
திறக்கிற ஜன்னலிலிருந்து நான்கு அடி,
கதவிலிருந்து நான்கு அடி என்கிறது புத்தகம்.
பனி குவியும் உயரத்துக்கு மேலே ஓர் அடி, என்றும் சொல்கிறது.
எழுதியவன் ஃப்ரெஞ்ச்வில்லுக்கு
பிப்ரவரியில் வந்ததில்லை போல.

வடக்குச் சுவர்.
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, கனடாவிலிருந்து,
சுங்கம் கட்டாமல் வருகிற காற்று நேரே மோதும் இடம்.
கரண்ட் போனால் விசிறி நிற்கும்.
மறந்த குடையை எடுக்க வந்தவனைப் போலப்
புகை வீட்டுக்குள் திரும்பி வரும்.

தெற்கே, தகரக் கூரையின் பனி
மொத்தமாய்ச் சரிந்து விழும்.
போன மார்ச்சில் ஒரு சைக்கிளை
அது அப்பளமாக்கியது.

பழைய செங்கல் புகைபோக்கி இருக்கிறதே என்றேன்.
அதில் எண்ணெய் பாய்லர் குடியிருக்கிறது என்றான்.
ஒரே உறையில் இரண்டு கத்தி.

கிழக்கே படுக்கையறை ஜன்னல்.
"ஆணியடித்து மூடிவிடலாம்,
குளிர்காலத்தில் அதை யார் திறக்கிறார்கள்?"

நான் திறக்கிறேன்.
பதினாறு வருடமாய்.
நீ தூங்கிய பிறகு,
இரண்டு விரல் அகலம்.

நாடா அவன் கையிலிருந்து நழுவி
சர்ரென்று சுருண்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

மிச்சம் மேற்கு.
மேற்கில் டெல்ஃபிஸ் வெலெட்.
பனி வாரும் வண்டியால் எங்கள் வாசலை அவர் மூடியதிலிருந்து
(வேண்டுமென்றா, தெரியாமலா, இன்னும் தீரவில்லை)
இரண்டு குளிர்காலமாய்ப் பேச்சில்லை.

நாங்கள் சுவரருகே குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே
அவர் வேலியோரம் வந்து சிகரெட் பற்றவைத்தார்.
புகை நேரே போகவில்லை.
வீட்டு மூலைவரை வந்து, தயங்கி,
சுவரோடு சுருண்டு
எங்கள் சமையலறை ஜன்னலுக்கே ஏறியது.
மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

அவர் வேலியைத் தாண்டினார்.
மூன்று அடி தள்ளி நின்று ஊதினார்.
அதே கதை.
இன்னும் இரண்டு அடி.
இம்முறை புகை சுவரை விட்டுப் பிரிந்து
அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு வயல் பக்கம்,
அவருடைய வயல் பக்கம்தான்,
கலைந்து போனது.

பூட்ஸ் நுனியால் தரையில் ஒரு கோடு கிழித்தார்.
"இங்கே."

இரண்டு வருடத்தில் முதல் சொல்.
அதற்கு என்ன பதில் சொல்வதென்று
நாங்கள் யோசித்து முடிப்பதற்குள்
அவர் தன் படியேறிப் போய்விட்டார்.

உள்சுவரில் லூசியன் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்.
நாளை அவன் மச்சான் துளைக் கருவியோடு வருவான்.
குளிரைத் துரத்த
குளிருக்கே ஒரு வழி வெட்டப்போகிறோம்.
வட்டம் கொஞ்சம் கோணல்.
அதையும் சொல்லிக்காட்டினேன்.

இரவு வழக்கம்போல எழுந்து
இருட்டில் ஜன்னலைத் தடவினேன்.
ஏற்கெனவே திறந்திருந்தது.
இரண்டு விரல் அகலம்.
மூடிவிடாமல் இருக்க
சட்டத்துக்கடியில் செருகியிருந்தது
அந்தப் பென்சில்.