இருநூற்று ஏழு

டிசம்பர் கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
செம்மறியும் வெள்ளாடுமாய்
சோம் அலுவலக ஏட்டில் எங்கள் பெயருக்கு எதிரே நின்றவை.
பிறகு பனி உறைந்து புல்லைப் பூட்டியது.
ஸுத் என்போம் அதை.
மார்ச் பிறக்கையில்
வேலிக்கு வடக்கே கிடந்தவை இருநூற்று ஏழு.
அடுக்கியவர் என் கணவர் நம்ஹாய்.
விறகு அடுக்குவதுபோலத்தான், தலைகள் ஒரே பக்கம்.
எண்ண வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்க வேண்டுமாம்.

மூன்று வழி இருந்தது எங்களுக்கு.

மானியம் தருகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்.
திருப்பிக் கேட்கமாட்டார்கள்.
மந்தையில் மூன்றில் இரண்டு பங்கு செத்திருக்க வேண்டும்,
கேட்டது அவ்வளவுதான்.
அதாவது இருநூற்று எட்டு.

பிள்ளைப் பணம் அரசாங்கத்துடையது.
மாதா மாதம் கைபேசியில் ஒரு கிணுங்கல்.
மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்தால்
ஒரு மூட்டை மாவு, கொஞ்சம் தேயிலை.
வைக்கோலுக்குக் காணாது.

மூன்றாவது செரென்பில்.
வங்கிக்காரன், பனியில் பிளந்த உதடு, நல்ல மனிதன்.
போன வருஷக் கடனுக்கு வந்து வந்து
எங்கள் நாய் அவனைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது.
"பிள்ளைப் பணத்தின்மேல் தரலாம் அக்கா.
இரண்டு வருஷத்துப் பணம் இன்றைக்கே.
வட்டியை மட்டும் முன்னால் கழித்துக்கொள்வோம்."
பனி எவ்வளவு மூடினாலும்
வட்டிக்கு மேய்ச்சல் கிடைத்துவிடுகிறது.

எண்ணுகிறவள் மறுநாள் காலை வருவதாக இருந்தது.
அன்றிரவு கெர் கூடாரத்தில் அடுப்போரம் ஒரு வெள்ளாடு,
இடது காது பாதி கிழிந்தது.
மூச்சு விட்டு விட்டு வந்தது.
பக்கத்து முகாம் தஷ்ஸெவெக் தேநீரை முடித்து,
கிண்ணத்தை நக்கிவிட்டுச் சொன்னான்:
"ஒன்றுதானே குறைகிறது."
போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான்,
சாவு வீட்டில் சாத்துவதுபோல.

நம்ஹாய் வாய் திறக்கவில்லை.
காய்ந்த சாணத்தை அடுப்பில் போடுவார்,
ஆட்டைப் பார்ப்பார்,
வேறெங்காவது பார்ப்பார்.
எனக்கும் அதே கணக்குத்தான், மறைப்பானேன்.
தானாகச் செத்தால் பாவம் யாருக்கும் இல்லை.
நான் சும்மா படுத்துக்கொண்டாலே போதும்.

படுத்தேன்.
ஆட்டின் மூச்சு நிற்கிற ஒவ்வொரு முறையும்
என் மூச்சும் நின்று காது கொடுத்தது.
இரண்டு மணி இருக்கும், எழுந்து
மாவை வெந்நீரில் கரைத்து
விரல் விட்டு அதன் வாயைத் திறந்தேன்.
ஏன் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.
கேட்டாலும் பதில் இல்லை.
கை பழகிய வேலை, வேறென்ன.

எண்ண வந்தவள் பெயர் உயங்கா.
பட்டணத்து பூட்ஸ்.
குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
இருநூற்று ஏழு.
இன்னொரு முறை.
இருநூற்று ஏழு.
உறைந்த பேனாவை வாயருகே வைத்து ஊதினாள்,
அவசரமே இல்லாமல்.
"பனிக்கடியில் ஏதாவது விட்டுப்போயிருக்குமா?"
கேள்வியா, வரமா, தெரியவில்லை.
ஆமாம் என்கிற சொல் என் வாயில் இருந்தது,
சூடாகவே இருந்தது.
கூடாரத்துக்குள்ளிருந்து ஆடு கத்தியது.
அவள் கதவைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
இல்லை என்றேன்.
ஏழு என்று எழுதினாள்.

செரென்பில் நீட்டிய கண்ணாடியில்
விரல் வைத்தேன்.
குளிரில் அது என் ரேகையை ஏற்கவில்லை.
"ஊதிவிட்டு வையுங்கள் அக்கா" என்றான்.
ஊதிவிட்டு வைத்தேன்.

கடைக்குட்டி குலானுக்கு ஐந்து வயது.
கிணுங்கல் நின்றுபோனதைக் கண்டுபிடித்தது அவள்தான்.
"என் பணம் எங்கே?"
வைக்கோல் கட்டைக் காட்டினேன்.
ஒரு பிடி உருவி, முகர்ந்து பார்த்து,
கிழிந்த காதுக்காரியிடம் நீட்டினாள்.
"மெல்லத் தின்னு. ஏழு வயசு வரைக்கும் இதுதான்."

மே மாதம் அந்த ஆட்டைச் சீவினேன்.
சீப்பில் வந்த காஷ்மீர் இருநூற்றைம்பது கிராம்.
எத்தனை நாள் வட்டி அது,
நான் போட்டுப் பார்க்கவில்லை.
செரென்பில் வருவான்.
நாய் வாலாட்டும்.