கையெழுத்தின் வால்

டோங்காட் ஆலையில்
கரும்பு வண்டிகளை எடை போட்டவர் அப்பா.
என் மதிப்பெண் அட்டையை மட்டும்
ஒருநாளும் எடை போட்டதில்லை.
கணக்கில் பதினெட்டு வாங்கிய பருவத்திலும்
கடைசி எழுத்தைப் பல்லி வாலாய் இழுத்துவிடும்
அதே கையெழுத்து.
"இந்தப் பேனா நல்லா எழுதுது" என்றார்.
அவ்வளவுதான்.

பள்ளியில் எனக்கு இது இருபத்தோராம் ஆண்டு.
கூரை ஒழுகும் ஏழாம் வகுப்பு, நாற்பத்தாறு பேர்,
மின்சாரம் போனால் பாதி வினாத்தாள்.
துபாய்க்குப் போன லோகேஷ்னி
படம் அனுப்புகிறாள்:
குளிர்சாதன அறை, கீறல் விழாத மேசைகள்.
என் இழுப்பறையிலும் இருக்கிறது மாற்றல் படிவம்,
மூன்று வருடமாக,
ஒரு கட்டம் தவிர எல்லாம் நிரப்பி.

ஏன் போகவில்லை என்கிறார்கள்.
சேவை, அர்ப்பணிப்பு...
பிரிவு உபசார விழாச் சொற்கள்
என் வாயில் நிற்பதில்லை.

இது கரும்புக்காடு எரிக்கும் மாதம்.
ஜன்னல் வழியே வந்த சாம்பல்
வருகைப் பதிவேட்டில் உட்கார்கிறது.
பதினாறு வாங்கிய தாளைக்
குப்புறக் கவிழ்த்து நீட்டுகிறான் சிபுசிசோ.
திருப்பி,
சாம்பலை ஊதிவிட்டு,
கையெழுத்திடுகிறேன்.

வால் கொஞ்சம் நீளமாகத்தான் போகிறது.