ஒரு கிலோ

"எதற்கு?" என்று கேட்டார் காவல் அதிகாரி கெட்டுனென்.
படிவத்தில் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தேன்.
அது போதவில்லை போலும்.
கோட்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன் என்றேன்,
பதினோரு வருடமாக, நாற்பது மீட்டர் உயரத்தில்.
கடற்காற்று கூண்டை ஆட்டிக்கொண்டே இருக்கும்.
அசையாமல் நிற்பதைத் தரையிலாவது பழக வேண்டும்.
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
ஆறு வாரம் கழித்து அனுமதி தபாலில் வந்தது.

ஹுர்காஸ் கடையில் பச்சைத் துணி விரித்து
மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் இருபத்திரண்டு.
தோட்டா என் சுண்டுவிரலில் பாதி.
விளிம்பில் ஒரு தட்டு, அவ்வளவுதான்,
நடுவில் அடிக்கத் தேவையில்லை என்று விளக்கினார்.
தெரியும்.
ஆனாலும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்,
வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது,
கடையில் வேறு யாருமில்லை.

முதலாவது இத்தாலியில் செய்தது.
வால்நட் பிடி, உள்ளங்கைக்குத் தனியே ஒரு தாங்கு,
என் இரண்டு மாத வாடகை.
"இதைப் பிடித்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்."
கை கற்றுக்கொள்ளவில்லை.
மோதிர விரலின் நுனியை ஒரு கம்பிவடம் எடுத்துக்கொண்டு போய்
வருடங்கள் ஆகின்றன.
அந்த இடத்தில் மரத்துக்கும் எனக்கும் நடுவே
குளிர்ந்த சந்து ஒன்று.

இரண்டாவது அமெரிக்கக் கனம்.
பிளம்பர் பையிலிருந்து நழுவி விழுந்தது மாதிரி குழல்.
கனத்துக்கு நடுக்கம் அடங்கியது உண்மை.
நீட்டிய கையை இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருந்தேன்,
பிறகு மணிக்கட்டு தன் கருத்தைச் சொன்னது.
பிரித்துத் துடைப்பது சுலபம் என்று காட்டத் தொடங்கிய ஹுர்காஸ்
மீண்டும் மாட்டும்போது
இருமுறை மூச்சுக்குள் திட்டினார்.

மூன்றாவதை யாரோ விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.
குழல்வாயில் கறுப்பு தேய்ந்திருந்தது,
பிடி வெறும் பிளாஸ்டிக்.
வெறுமையாகச் சுடாதீர்கள், ஊசி கெடும் என்று
போலித் தோட்டாவை உள்ளே வைத்துத் தந்தார்.
விசையை அழுத்தினேன். கொஞ்சம் தளர்வு.
அப்புறம் ஒரு சுவர்.
அப்புறம்
பூட்டுகள் கழன்று, கன்டெய்னர் கப்பலை விட்டு
ஒரு முடி அளவு எழும் அந்த நொடி.
அதை என் உடம்புக்குத் தெரியும்.
எவ்வளவு எடை என்றேன்.
"விசையா? ஒரு கிலோ."

முப்பது டன்னைத் தினமும்
இரண்டு விரலால் தூக்கி லாரியில் வைக்கிறவள் நான்.

சமையலறையில் எபோக்ஸி மாவைப் பிசைந்து
இல்லாத விரல்நுனியின் இடத்தில் அப்பினேன்,
அமுக்கினேன், காயவிட்டேன், அரம் போட்டேன்.
"சூயிங்கம் ஒட்டியிருக்கா?" என்றான் ஓட்ஸோ.
பதினைந்து வயது. அதற்குமேல் ஆர்வமில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அடியில்,
போருக்கென்று பாறையைக் குடைந்த பதுங்கறையில்
எங்கள் கிளப்.
விர்ப்பி நான்கு பிராண்டு தோட்டா கொண்டுவந்தாள்.
மலிவானது சிக்கிக்கொண்டது.
அடுத்தது தாளெங்கும் அம்மை போட்டது.
மூன்றாவது பரவாயில்லை.
நான்காவதில் ஐந்து துளையும் ஒரு காப்பிக் கோப்பைக்குள்.
துப்பாக்கியை நான் தேர்ந்தேன்,
தோட்டாவை அது தேர்ந்துகொண்டது,
இருப்பதிலேயே விலை கூடியதை.

இருபத்தைந்து மீட்டர்.
முன்குறி ஆரஞ்சில் கூர்மையாக,
இலக்கு அதன் பின்னால் புகையாக;
அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.
மூச்சை விட்டேன், பாதியில் நிறுத்தினேன்.
காற்றில்லாத இடத்திலும் நான் ஆடுகிறேன் என்று
அன்றுதான் கண்டேன்.
ஆட்டம் நிற்கக் காத்திருந்தால் விசை நகராது.
ஆடிக்கொண்டே அழுத்தினேன்.

ஏழு. எட்டு. ஆறு. எட்டு.
ஐந்தாவது எங்குமே இல்லை.

பக்கத்துத் தடத்தில் ஓய்வுபெற்ற பல்மருத்துவர் ஸோய்னி
தன் தாளைக் கண்ணருகே பிடித்து எண்ணினார்,
மறுபடி எண்ணினார்,
ஆறு துளை.
நட்ட நடுவில் இருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டு
தடுப்புக்கு மேலே நீட்டினார்:
"இந்தப் பத்து உங்களுடையதா?"